தம்பியின் பெயரில் வரைந்த படங்கள்

என் தம்பிக்கு ஒரு ஜெர்மன்காரப் பெண் டொக்டர் வைத்தியம் பார்த்த காலத்தில், அவனுடைய வருத்தத்தை அறிய அவர் வாங்கிப் பார்த்த படங்களையெல்லாம் வரைந்தது நான். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கட்டு. ஒவ்வொன்றின் மூலையிலும் தம்பியின் பெயரை அவனுடைய கோணல் எழுத்திலேயே எழுதி வைத்தேன். ஒன்பது வயதில் அவ்வளவு நேர்த்தியாகக் கள்ளம் செய்தவள், அதற்குப் பிறகு ஒரு கள்ளத்தையும் உருப்படியாகச் செய்யவில்லை என்பது வேறு கதை.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் புத்தளத்துத் தில்லையடியில் இருந்தோம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நானும் தம்பியும் புத்தளத்தில் பிறந்தவர்கள். ஆனாலும் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், கண்ணாலும் கண்டிராத ஓர் ஊரின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததோடு வாப்பாவுக்கு அந்த ஊர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. எலுவன்குளத்தால் மன்னாருக்குப் போகிற காட்டுப் பாதையில் பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு இங்கே கால் தரிக்கவில்லை. கத்தி, மண்வெட்டி, அரைச் சாக்கு அரிசி என்று கட்டிக்கொண்டு காணி துப்புரவாக்கப் புறப்பட்டார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, முள் கீறிய கைகளோடு வருவார், இரண்டு நாள் நிற்பார், திரும்பவும் போவார்.

முதல்முறை போன அன்று, வாசலில் நின்றுகொண்டு என் தலையில் கையை வைத்தார். "நான் வரங்காட்டியும் தம்பிட மூச்சப் பாத்துக்க மகள்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்ன வார்த்தை. சந்திக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் அதை மறந்திருப்பார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன், பல்லால் கடித்துப் பிடித்த மாதிரி.

தம்பிக்கு முட்டு. மூச்சு முட்டும் வருத்தத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆறு வயதுப் பையன், பகலெல்லாம் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கழுதைகளுக்குப் பின்னால் ஓடுவான். திடீரென்று ஒரு நாள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்தத் தொடங்கும். தோள் இரண்டும் மேலே ஏறிவிடும். உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறம் வரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்பை உம்மா அவன் வாயில் வைத்து அழுத்துவார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று உம்மா சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் அவன் உதட்டையே பார்ப்பேன்.

வாப்பா சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து, என் பாயைத் தம்பியின் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் படுப்பேன். முதுகு ஏறும், இறங்கும். ஏறும், இறங்கும். நான் கண்ணை மூடினால் அது நின்றுவிடும் என்ற எண்ணம் எப்படியோ எனக்குள் விழுந்துவிட்டது. ஆகவே விழித்திருந்தேன், பகலில் வகுப்பில் தூங்கினேன். டீச்சர் சோக்குத் துண்டால் எறிந்து, "என்னடி, ராவெல்லாம் களவெடுக்கப் போறியா?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கள் வீட்டில் வருத்தக்காரன் அவன் ஒருவன்தான்.

அப்படியிருக்கும்போதுதான் அவர்கள் வந்தார்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு உதவுவதற்கென்று வெளிநாட்டு அமைப்பொன்று, பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தது. முற்றத்தில் பெரிய வேம்பு நின்ற வீடு. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதான டொக்டர், நரைத்த முடியைப் பின்னிக் கட்டியிருப்பார்; அவரை டொக்டர் மிஸ் என்போம். மற்றவர் அவருக்கு உதவியாக வந்த இளம் பெண். எங்கள் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, இங்கிலீஷ் கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். அவரையே மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார்கள். டொக்டர் மிஸ் ஐந்து நிமிடம் பேசுவார், சாச்சி அதை நாலு சொல்லில் முடித்துவிடுவார். டொக்டர் மிஸ் நாலு சொல் சொல்வார், சாச்சி அதற்கு விளக்கம், உதாரணம், தன் சொந்தப் புத்திமதி இரண்டு என்று சேர்த்து ஐந்து நிமிடம் பேசுவார். மொத்தத்தில் கணக்குச் சரியாக வந்துவிடும்.

முதல் நாளே உம்மா கேட்டார், "இது என்ன மருந்தாம்? இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா?"

"ரெண்டும் இல்ல ராத்தா. அந்த்ரோபொசொபிக்."

"என்ன?"

சாச்சி இன்னும் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடு, அந்தப் பேரச் சொல்லி முடிக்கங்காட்டியும் எனக்கே முட்டு வந்திரும்" என்றார்.

உடம்பை மட்டும் பார்க்காமல், பிள்ளையின் நித்திரை, மனசு, சூடு, குளிர், பயம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற வைத்தியமாம். அவர்களுடைய நாட்டில் நெடுநாளாக இருக்கிறதாம். அதை நம்புகிறவர்களும் உண்டு, கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர்களும் உண்டு என்று டொக்டர் மிஸ்ஸே சிரித்துக்கொண்டு சொன்னாராம். ஒன்றை மட்டும் அவர் சாச்சியை மூன்று முறை சொல்ல வைத்தார். ஆஸ்பத்திரிப் பம்பை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, கிளினிக்குக்குப் போகாமல் இருக்கவும் கூடாது. உம்மாவுக்கு அது பிடித்திருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பம்பும் இருக்கட்டும், பள்ளிவாசல் ஹஸ்ரத் ஓதித் தந்த தண்ணீரும் இருக்கட்டும், இவர் தருவதும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

டொக்டர் மிஸ் வருத்தத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பிள்ளைக்கு உப்புப் பிடிக்குமா, இனிப்பா? எந்தப் பக்கம் சரிந்து படுப்பான்? எழும்பியதும் முதலில் என்ன சொல்வான்? உம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இந்த மனிசி மாப்புள பாக்க வந்தவ மாதிரிக் கேக்கிறா" என்று சாச்சியிடம் முணுமுணுத்தார். பிறகு டொக்டர் மிஸ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, அந்தக் கைகளைத் தம்பியின் முதுகில் வைத்தார். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். நான் திகைத்துப் போனேன். நான் செய்கிற வேலையை இவர் ஏன் செய்கிறார் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பு, பிள்ளைக்குச் சூடு போதாது என்பது. சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். புத்தளத்தில்! உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற வெயிலுக்கு எங்கள் கூரைத் தகரம் தானாக வெடித்துச் சத்தம் போடும் ஊரில், கம்பளித் தொப்பி! உம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பைக்குள் வைத்தார். மறுநாள் தம்பி அதை ஒரு கழுதைக் குட்டிக்குப் போட்டுவிட்டான். கழுதைக்குட்டி அதைப் போட்டுக்கொண்டு தில்லையடி முழுக்க இரண்டு நாள் திரிந்தது.

இளம் மிஸ் முற்றத்தில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு செம்புக் கோலைக் கொடுத்து, மெதுவாக நடக்கவும் கையை விரிக்கவும் சொல்லிக் கொடுப்பார். ஓர் எழுத்தின் சத்தத்தைக் கையால் காட்டுவதாம். வேலிக்கு அப்பால் நின்ற பெரியவர் ஒருவர், "இது டான்ஸா?" என்று கேட்டார். சாச்சி சற்றும் தயங்காமல், "எக்ஸசைஸ் ஹாஜியார்" என்றார். பையன்கள் கோல்களை வாளாக்கிச் சண்டை பிடித்தார்கள். எனக்கோ அந்த வட்டத்தில் நடக்கும்போது கால்கள் தரையில் படாத மாதிரி இருக்கும். அது நடையினாலா, நித்திரைக் கிறக்கத்தாலா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

படம் வந்தது அதற்கு அடுத்த கிழமை. தடித்த வெள்ளைக் கடதாசி ஒன்றைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமிழ்த்தி எடுத்து, பலகையில் விரித்து, பஞ்சால் ஒற்றுவார் டொக்டர் மிஸ். பக்கத்தில் மூன்று ஜாம் போத்தல்களில் மூன்று நிறம்: மஞ்சள், சிவப்பு, நீலம். வீடு, மரம் என்று எதுவும் வரையக் கூடாது. நிறத்தை வைத்துவிட்டு அது போகிற இடத்துக்குப் போக விட வேண்டும். கடதாசி, நிறம், ஓர் அகலத் தூரிகை எல்லாவற்றையும் வீட்டுக்குத் தந்து, பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகு பிள்ளை ஒவ்வொரு நாளும் ஒரு படம் செய்ய வேண்டும், எல்லாவற்றையும் அடுத்த முறை கொண்டுவர வேண்டும் என்றார். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு என்ன மருந்து என்று முடிவு செய்வாராம்.

தம்பி முதல் நாள் சிவப்பால் ஒரு த்ரீவீல் வரைந்தான். இரண்டாம் நாளும் த்ரீவீல். மூன்றாம் நாள் கடதாசி கிழிந்தது, சிவப்புப் போத்தல் கவிழ்ந்தது, அவன் வேலிக்கு அப்பால் மறைந்தான். படம் இல்லாவிட்டால் மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால்? அவனுடைய கொப்பியில் உறுப்பெழுத்து எழுதிக் கொடுப்பவள் நான், கணக்குச் செய்து கொடுப்பவளும் நான். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். குசினிக்குப் பின்னால், உம்மா துணி துவைக்கும் கல்லில் பலகையை வைத்து, அவனுடைய மருந்தை நான் வரையத் தொடங்கினேன்.

அந்தப் பின்னேரங்களை எப்படிச் சொல்வது? ஈரக் கடதாசியில் நீலம் தொட்டதும் அது தன்பாட்டில் எழும்பி நடக்கும். ஓரங்களில் முளை விடும். களப்புத் தண்ணீருக்கு மேல் மழை வருவதைத் தூரத்தில் நின்று பார்ப்பது போல இருக்கும். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு ரேடியோ, கழுதைகளின் கத்தல், உம்மா தேங்காய் துருவும் சத்தம் எல்லாம் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் கேட்கும். எப்போதும் முதலில் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் வைப்பேன், பிறகு சுற்றிவர நீலம். நீலம் மஞ்சளைத் தொட்டால் பச்சையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தொட விடக் கூடாது. அது ஒரு பக்கத்தால் ஊர்ந்து வரும், நான் துணி நுனியால் ஒற்றித் தள்ளுவேன். மறுபக்கத்தால் வரும், அங்கே தள்ளுவேன். கடதாசி காயும்வரை எழும்ப மாட்டேன். ஒன்பது படங்கள் செய்தேன், ஒன்பதிலும் அதே மஞ்சள், அதே நீலம்.

அடுத்த முறை போனபோது டொக்டர் மிஸ் ஒன்பதையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு, முழங்காலில் இருந்தபடி நெடுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சாச்சியிடம் பேசினார்.

"புள்ளக்கி நித்திர இல்லயாம் ராத்தா" என்றார் சாச்சி. "எதயோ காவல் காத்துக்கிட்டு இரிக்கானாம். காவல் காக்கிற ஆளுக்கு எப்படி நித்திர வரும் எண்டு கேக்கிறா."

உம்மா வாயைப் பிளந்தார். "இவனுக்கா? படுத்தா விடியங்காட்டியும் குறட்டதான். இவன் காவல் காத்தா வீட்டத் தூக்கிக்கிட்டுப் போயிருவானுகள்!"

டொக்டர் மிஸ் தம்பியின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தார் போலும். ஒழுங்கை மணலில் ஓடி வந்த கால், சட்டிச் சூட்டில் இருந்தது. அவருடைய நெற்றி சுருங்கியது. தலையைத் தூக்கி அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். நான் நகக்கண்ணில் நீலம் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஆனாலும் படம் சொன்னபடிதான் மருந்து தரப்பட்டது. ஒரு சின்னப் போத்தல் எண்ணெய். அவர்களுடைய ஊரில் ஊதா நிறத்தில் பூக்கும் ஏதோ செடியின் வாசம் அதில் இருந்தது. மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைக் கழுவி, எண்ணெயைக் கையில் சூடாக்கி, பாதத்தில் மெதுவாகத் தேய்த்துக் கம்பளித் துணியால் சுற்றிப் படுக்க வைக்க வேண்டும். தம்பி ஒரு நாள்கூட ஒழுங்காகக் கால் கொடுக்கவில்லை. கூசுகிறது என்று சிரிப்பான், உதைப்பான், எண்ணெய்க் காலோடு வழுக்கி ஓடுவான். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாசம் அறை முழுக்க நிற்கும்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. ஒழுங்கை மணல் எழும்பிச் சுழன்றுகொண்டிருந்தது. தம்பி வெளியிலிருந்து ஓடி வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசவில்லை. தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. உம்மா பம்பை அழுத்தினார். இரண்டு தரம், நாலு தரம். ஒன்றுக்கும் அடங்கவில்லை. உதட்டைச் சுற்றி அந்தச் சாம்பல் நிறம் வந்தது.

ஜும்ஆ நேரம். தில்லையடியில் அந்த நேரத்தில் ஒரு த்ரீவீலும் ஓடாது. எல்லாம் பள்ளிவாசல் முன்னால் வரிசையாக நிற்கும், ஓட்டுகிறவர்கள் உள்ளே தொழுகையில் இருப்பார்கள். உம்மா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் பெரிய ரோட்டுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கற்பிட்டிப் பக்கமிருந்து மீன் பெட்டிகளோடு வந்த சிங்களவர் ஒருவர், உம்மாவின் முகத்தைக் கண்டதும் த்ரீவீலை நிறுத்தி, "நகின்ன, நகின்ன" என்று ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டே பெட்டிகளை ரோட்டோரத்தில் இறக்கி வைத்தார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நாங்கள் காணவேயில்லை. அல்லாஹ் அவருக்கு நல்லது செய்யட்டும்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். முதல் புகைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது புகைக்குப் பிறகுதான் தோள் கீழே இறங்கத் தொடங்கியது. வெள்ளைப் புகைக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்து என்னுடைய படத்துக்குக் கொடுத்தது, உடம்போ அவனுடையது. பொய்ப் படம் காட்டிப் பிழை மருந்து வாங்கிக் கொடுத்து, என் தம்பியை நான்தான் கொல்லப் பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, இடித்தது. இவன் மௌத்தாகிப் போனால் வாப்பாவிடம் என்ன சொல்வேன்? வார்டில் தம்பி இருந்த இரண்டு நாளும் நான் ஒரு வாய் சோறும் ஒழுங்காக இறக்கவில்லை. களைத்துப் போயிருக்கிறாள் என்று உம்மா நினைத்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரிடம் என்பதுதான் கேள்வி. உம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. டொக்டர் மிஸ்ஸிடம் சொல்லலாம், அவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். ஆனால் சாச்சியின் வாய் வழியாகத்தான் அது போக வேண்டும். சாச்சியின் வாய் வழியாகப் போன எதுவும் போன அளவிலேயே போய்ச் சேர்ந்ததில்லையே!

தம்பி வீட்டுக்கு வந்த அடுத்த கிளினிக் நாளில், சாச்சி முற்றத்தில் தாய்மாருக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நான் மெல்ல உள்ளே போனேன். டொக்டர் மிஸ் தனியாக இருந்தார், தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பூனையைப் பற்றியும் பந்தைப் பற்றியும் சொல்லலாம், இதைச் சொல்ல ஏலாது. ஆகவே ஒன்றும் பேசவில்லை. கடதாசியை எடுத்துப் பேசினில் அமிழ்த்தினேன். பலகையில் விரித்தேன். பஞ்சால் ஒற்றினேன். நடுவில் மஞ்சள் வைத்தேன். சுற்றிவர நீலம் வைத்தேன். நீலம் ஊர்ந்து வர வர, துணி நுனியால் தள்ளித் தள்ளி நின்றேன். அவர் தூரிகைகளை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

முடிந்ததும், மூலையில் என் பெயரை எழுதினேன். என் சொந்த எழுத்தில், முழுதாக. பிறகு அலுமாரியிலிருந்த கட்டைக் காட்டினேன். அவர் எடுத்துத் தந்தார். தம்பியின் பெயர் எழுதிய படம் ஒன்றை உருவி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெயரை விரலால் தொட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினேன். அடுத்ததைத் தொட்டேன், இல்லை. அதற்கடுத்ததையும் தொட்டேன், இல்லை. பிறகு என் நெஞ்சில் கையை வைத்தேன். அதற்குமேல் என்னால் ஏலவில்லை. அழுகை பீறிட்டு வந்துவிட்டது.

டொக்டர் மிஸ் திட்டவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. குனிந்து என் வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அந்த நடுப்பகல் வெயிலில் என் கால் ஐஸாகக் குளிர்ந்திருந்தது என்று அவருடைய கைச்சூடு பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. வேப்பிலை காற்றில் கலகலத்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் மெதுவாக நடக்கும் சத்தம் கேட்டது. என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

பிறகு அவர் சாச்சியைக் கூப்பிட்டார். சாச்சி உம்மாவோடு உள்ளே வந்தார். டொக்டர் மிஸ் என் காலை விடாமலே நெடுநேரம் பேசினார். சாச்சியின் முகம் மாறியது. ஏதோ கேட்டார், டொக்டர் மிஸ் திரும்பவும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். சாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி கால் குடுக்கிறானில்லத்தானே. இனி அவனுக்குத் தேய்க்க முன்னால உனக்குத் தேய்க்கோணுமாம். நீ ஒழுங்கா இரிந்து காட்டினா அவனும் பாத்துப் பழகிருவானாம். நீ ஒரு மாதிரிக்கு. வெளங்கிச்சா?" பிறகு உம்மாவைப் பார்த்து, "நீங்க ரெண்டு புள்ளக்கும் நடுவுல படுக்கோணுமாம் ராத்தா. தம்பிக்குச் சூடு வேணுமாம்" என்றார்.

நான் நிமிர்ந்தேன். "படத்தப் பத்தி ஒண்டும் சொல்லலயா சாச்சி?"

"என்ன படம்?" என்றார் சாச்சி.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நான் சொன்னது அந்த மனிசிக்கு விளங்கவேயில்லை! இவ்வளவு அழுதும் விளங்கவில்லை. பெரிய டொக்டர்! வெறும் கால் தேய்க்கிற கதையைச் சொல்லி அனுப்பிவிட்டார். இனி ஒருவருக்கும் சொல்வதில்லை, சொல்லியும் பயனில்லை என்று அன்று தீர்மானித்தேன்.

அன்றிலிருந்து மஃரிபுக்குப் பிறகு உம்மா பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரோடு வந்து முதலில் என் முன்னால் இருப்பார். பிஸ்மி சொல்லி என் காலைக் கழுவுவார். தேங்காய் துருவி, மிளகாய் அரைத்து, துணி பிழிந்து சொரசொரத்துப் போன அந்தக் கைகளுக்கு அவ்வளவு மெதுவாக அசையத் தெரியும் என்று நான் அறிந்திருக்கவில்லை. பாயில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர் படுத்துக்கொண்டார். தம்பியின் முதுகு என் கைக்கு எட்டவில்லை. முதல் இரண்டு நாள் உம்மாவுக்கு மேலால் கையை நீட்டித் தேடினேன். மூன்றாம் நாள் கையை நீட்ட நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஞாபகம் இருப்பது விடிகாலைச் சுபஹு பாங்கு.

டொக்டர் மிஸ் அடுத்த வருடம் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். தம்பிக்கு முட்டு மெல்ல மெல்லக் குறைந்து, பத்து வயதாகும்போது போன இடம் தெரியாமல் போய்விட்டது. அந்த வெற்றிக்கு உரிமை கோருபவர்கள் இன்றைக்கும் பலர். வளர வளரப் பல பிள்ளைகளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். ஹஸ்ரத் தன் தண்ணீர் என்றார். வாப்பா ஊர்க் காற்று என்றார், அந்த ஊரில் நாங்கள் மொத்தமாக இருந்தது மூன்று பள்ளி விடுமுறைதான். உம்மா எல்லாருக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே பதிலைச் சொன்னார்.

போன வருடம் தம்பி உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, சாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். உம்மா குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். தம்பி ஃபுட்பால் விளையாடப் போயிருந்தான். பழைய கதைகள் வந்தன. இனியென்ன பயம் என்று, நான் வாயைத் திறந்து அந்தப் படக் கள்ளத்தைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். சாச்சி சிரிக்கவில்லை.

"அதான் டொக்டர் மிஸ் அண்டைக்கே சொன்னாவே" என்றார். "வருத்தம் இந்தப் புள்ளக்கித்தான், எண்ணெயும் இந்தப் புள்ளக்கித்தான் எண்டா. நித்திர கொள்ளாம கிடக்கிறது இவதான், கால் குளிர்ந்து போனது இவக்கித்தான் எண்டா. நான்தான் மாத்திச் சொன்னன்."

"ஏன் சாச்சி?"

"ஓ, ஏனெண்டு கேக்கிறா. டொக்டர் பேசக்குள்ள உங்கும்மா என்ட கையக் கிள்ளினா. முழுசா இங்கிலீஷ் தெரியாட்டியும் நீ அழுத முகம் தெரியுந்தானே. நகத்துல நீலத்த அவ எப்பயோ கண்டிரிக்கா. என்ட காதுக்குள்ள சொன்னா, அவளுக்கெண்டு சொல்லாத, புள்ள, அவளுக்கெண்டு சொன்னா அவள் கால் தரமாட்டாள் எண்டு."

உம்மா இறாலிலிருந்து தலை நிமிராமல், "இப்ப என்னத்துக்கு அந்தக் கதையெல்லாம்" என்றார்.

நான் மாதிரிக்காக இருந்தேன் என்றல்லவா அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் போத்தலில் இருந்த கொஞ்ச எண்ணெயும் அவனுடையது, அதில் எனக்குப் பங்கில்லை என்று நினைத்திருந்தேன். அவனுடைய மருந்தைக் களவாகத் தின்கிறேன் என்று பயந்து, ஒவ்வொரு நாளும் பாதியிலேயே காலை இழுப்பேன். "போதும் உம்மா, தம்பிட எண்ணெ முடிஞ்சிரும்" என்பேன். உம்மா என் கணுக்காலைப் பிடித்த பிடியை விடவேயில்லை.